காற்றை அசைக்கும் இடத்தில் காசைப் போடுங்கள்

"ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, வீட்டில் பாட்டு கேட்க நல்ல செட் ஒன்று சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது, ஹால் எத்தனைக்கு எத்தனை, தரை டைல்ஸா மொசைக்கா, சோஃபா எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது, ஃபேன் ஓடும்போது கேட்பீர்களா நிறுத்திவிட்டா, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்பதைத்தான். நிறைய பேருக்கு இது சலிப்பாக இருக்கும். கம்பெனி பெயரையும் மாடல் நம்பரையும் சொன்னால் ஆர்டர் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று நினைக்கிறார்கள். மாடல் பெயர் ஒன்றிரண்டு கீழே வரும். ஆனால் நான் பார்த்தவரை, தப்பான மாடலை வாங்கிக் காசை விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். செலவு செய்யவே தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டியவர்கள்தான் அதிகம்.

பாட்டு ஒரு ஃபைலாக இருப்பதிலிருந்து நம் காதுக்கு வரும் வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஃபோனோ லேப்டாப்போ, அதற்குள் எண்களை மின்சாரமாக மாற்றும் டிஏசி, அப்புறம் அந்த மின்சாரத்தைப் பெருக்கும் ஆம்ப், ஒயர், ஸ்பீக்கர், கடைசியில் அறை. ஒயர் வரைக்கும் எல்லாமே மின்சாரம். மின்சாரமாக இருக்கும்வரை பாட்டைக் கெடுக்காமல் கொண்டுபோவது பல வருடங்களுக்கு முன்பே தீர்ந்துபோன பிரச்சினை, இன்று அது மலிவாகவும் கிடைக்கிறது. ஸ்பீக்கருக்குள் தாழ்ந்த ஒலியைத் தரும் ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் போய்க் காற்றை அசைக்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கலே. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலி மாறும், ஒரே ஸ்பீக்கர் அறைக்கு அறை மாறும், ஒரே அறையில் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலே மாறும். இரண்டு ஒழுங்கான ஆம்புகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம் இதற்குப் பக்கத்தில் கூட வராது. அதனால் காற்றை அசைக்கும் இடத்தில், அதாவது ஸ்பீக்கரிலும் அறையிலும், காசைப் போடுங்கள். மற்ற எல்லாவற்றிலும் போதும் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரப் பக்கத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அதிகமாக ஏமாறுவது அங்கேதான்.

சிடி 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கும், ஒவ்வொரு அளவும் 16 பிட். இதை வைத்து 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியும். நல்ல இளம்வயதுக் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ்தான், நாற்பது தாண்டியவர்களுக்கு அதுவும் கிடையாது. 16 பிட் தரும் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான தூரம் 96 டெசிபல். இப்போது நம் ஹாலுக்கு வாருங்கள். ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் மூன்றில் ஓடுகிறது, தெருவில் வண்டி போகிறது. எதுவுமே போடாத நேரத்தில் அங்கே 40 டெசிபல் சத்தம் சாதாரணமாக இருக்கும். அதன்மேல் 96 டெசிபலை ஏற்றினால் 136. காது வலி எடுக்கும் எல்லையைத் தாண்டிய சத்தம் அது. ஆக 1982-ல் வந்த தொழில்நுட்பமே நம் வீட்டு ஹாலுக்கு மிச்சம் மீதியோடு போதும். அதற்குமேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டு விற்கும் பெட்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கக் காரணமே இல்லை. 2007-ல் மேயர், மோரன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைச் சோதித்து ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதினார்கள். உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ வட்டுகளை அப்படியே ஒருமுறை, சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறை என்று எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகளில் சரியாகச் சொன்னது 276. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும்.

அதனால் டிஏசி என்று தனியாக ஒரு பெட்டி வாங்கத் துடிப்பவர்களிடம் நான் சொல்வது, ஃபோனுக்கு இயர்ஃபோன் மாட்ட ஆப்பிள் நிறுவனம் ஒரு சின்ன யுஎஸ்பி-சி அடாப்டர் விற்கிறது, அமெரிக்காவில் 9 டாலர், அதற்குள் இருக்கும் டிஏசியை அளந்து பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒரு ஒயரைச் செருகி ஆம்பில் கொடுங்கள் என்பதுதான். (ஆண்ட்ராய்டு ஃபோன் சிலவற்றில் அந்த அடாப்டரின் வால்யூம் குறைவாக வரும், லேப்டாப்பில் பிரச்சினை இல்லை.) இணையத்தில் பாட்டு கேட்பவர்களுக்கு, கட்டும் சந்தாவிலேயே லாஸ்லெஸ் வசதி, அதாவது பாட்டின் தகவல் எதையும் இழக்காமல் அனுப்பும் வசதி, இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவே சந்தாவை மாற்ற வேண்டாம். சுருக்கி அனுப்பும் 256 கேபிபிஎஸ் ஏஏசிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறேன் என்பவர்கள், எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடும் இலவச ஏபிஎக்ஸ் மென்பொருளில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒயருக்கு வருவோம். ஸ்பீக்கர் ஒயரில் மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். கணக்கு மிக எளிது. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 13 ஓம். ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டர் என்றால் போய்வர பத்து மீட்டர், அதாவது 0.13 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இதில் இழப்பது 0.15 டெசிபலுக்கும் குறைவு, எந்தக் காதுக்கும் தெரியாது. 4 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலோ ஒயர் நீளமாக ஓடினாலோ 2.5 சதுர மில்லிமீட்டர் போடுங்கள், முடிந்தது. ஒன்றே ஒன்று கவனியுங்கள்: மலிவான ஸ்பீக்கர் ஒயர்களில் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு என்று வருகிறது. நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மின்தடையும் அதிகம், வளைத்து வளைத்து ஒடிந்தும் போகும். நல்ல செம்பு ஒயர் விற்கும் தெருமுனைக் கடை அதைவிட எவ்வளவோ மேல். பவர் கார்டு, எச்டிஎம்ஐ கேபிள் இவற்றுக்கெல்லாம் தங்கமுலாம் கதை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஹம் வருகிறது என்பதற்காகச் சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்வார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள், உயிர் போகும் விஷயம். டிவி, லேப்டாப் சார்ஜர், ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். இல்லையென்றால் ஹம்மைத் தடுக்கச் சின்னதாக ஒரு ஐசொலேட்டர் விலைக்குக் கிடைக்கிறது.

ஆம்ப். இங்கே வாட்ஸ் என்ற ஒரு எண்ணை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. தொண்ணூறுகளில் கையடக்கமான செட்டின் மேலேயே 1000 வாட்ஸ், 2000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது நினைவிருக்கலாம். அந்த எண்ணுக்கு எந்த ஒழுங்கான அளவுமுறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிக்கொள்ளலாம். இப்போதும் பார்ட்டி ஸ்பீக்கர்களில் அது வேறு பெயரில் தொடர்கிறது. பார்க்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது ஆம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், அதுவும் எத்தனை ஓமில் என்று.

எவ்வளவு வாட்ஸ் தேவை என்பதும் கணக்குதான். சாதாரண புக்‌ஷெல்ஃப் (அலமாரியில் வைக்கும் அளவுள்ள சின்னப் பெட்டி) ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் வரும் என்று அர்த்தம். இரண்டு ஸ்பீக்கர், பத்தடி தள்ளி உட்கார்கிறோம் என்றால் நம் காதில் விழுவது 80 டெசிபல் பக்கம். அதுவே பேச்சுக் குரலை அமுக்கிவிடும் சத்தம். அதாவது நாம் அன்றாடம் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டே போதும்! தவில் அடியும் டிரம்ஸ் அடியும் திடீரென்று எழும்பும்போது மட்டும் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு தேவைப்படும். ஆகவே 10-க்கு 12 அறைக்கு ஒழுங்கான 30 முதல் 50 வாட் ஆம்ப் தாராளம். 50 வாட்டுக்குப் பதில் 100 வாட் வாங்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். சத்தம் இரு மடங்காகக் கேட்பதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே அடுத்த பெரிய மாடலுக்குப் போகலாமா என்று தடுமாறும்போது அந்தப் பணத்தை ஸ்பீக்கர் பக்கம் தள்ளுங்கள், 89 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை எடுத்தால் அதே 3 டெசிபல் அங்கேயே வந்துவிடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 போன்ற கிளாஸ்-டி சிப் வைத்த உள்ளங்கை அளவு ஆம்புகள் இப்போது சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன. சின்ன அறைக்கு அவை நன்றாகவே போதும். அதோடு வரும் அடாப்டர் மட்டும் நல்லதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி ஸ்பீக்கர். இங்கேதான் மொத்தப் பணத்தில் பாதிக்குமேல் போகவேண்டும் என்பேன்.

கடையில் போய்க் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் கடையில் காது எளிதில் ஏமாறும் என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஒரு டெசிபல் உரக்க இருந்தால்கூட அதுதான் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். உரக்க இருக்கிறது என்று தோன்றாது, தெளிவு என்றே தோன்றும். விற்பவருக்கு எது லாபமோ அதற்கு வால்யூம் ஒரு பொட்டு கூடினால் போதும். ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். நமக்குப் பழகின பாட்டை நாமே கொண்டுபோகவேண்டும். டெமோவுக்கென்றே வைத்திருக்கும் கண்ணாடி உடையும் சத்தம், ஹெலிகாப்டர் சத்தம் இவற்றால் ஒரு பயனும் இல்லை. தெரிந்த பாடகரின் குரல் வேண்டும், வெறும் தம்புராவோடு பாடியது ஒன்று, மிருதங்கத்தின் இடந்தலையும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்கவேண்டிய தனி ஆவர்த்தனம் ஒன்று, நெரிசலான இசைக்குழு ஒன்று. குரல் மூக்கடைத்த மாதிரி வந்தால் மற்ற எதுவும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். குரலில் இருக்கும் குறை நாளாக ஆகப் பழகாது, எரிச்சல்தான் கூடும்.

கண்ணும் காதை ஏமாற்றும். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்தபடியும் திரைக்குப் பின்னால் வைத்தும் ஒரே ஆட்களிடம் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, அழகான, விலை உயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. இன்னும் முக்கியமானது, திரை போட்டபோது ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் வரும் வித்தியாசத்தை அவர்கள் தெளிவாக உணர்ந்தார்கள், கண்ணால் பார்த்தபோது அதைக் கவனிக்கவே இல்லை. டூல் பல வருடங்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் அப்புறம் ஹார்மன் நிறுவனத்திலும் இதையே ஆராய்ந்தவர். அவர் கண்டது நமக்கு மிகவும் உபயோகமானது: கண்ணை மறைத்துவிட்டால் பெரும்பாலான மக்கள் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களைத்தான் விரும்புகிறார்கள். நேர் எதிரே அளந்தால் கோடு தட்டையாக இருக்கும், பக்கவாட்டில் அளந்தால் மேடுபள்ளம் இல்லாமல் சீராக இறங்கும், அப்படிப்பட்ட ஸ்பீக்கர்களை. இந்த அளவீட்டு வரைபடத்தை ஸ்பினோரமா என்பார்கள். நிறைய மாடல்களுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஊரில் கேட்டுப் பார்க்கக் கடை இல்லாதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறெதுவும் கிடையாது, விமர்சனம் எழுதுபவரின் உரிச்சொற்களை நம்புவதற்குப் பதில் இந்தக் கோட்டைப் பாருங்கள்.

பலருக்குத் தோன்றாத ஒரு வழி ஸ்டுடியோ மானிட்டர்கள், ஒலிப்பதிவுக் கூடங்களில் வைக்கும் ஸ்பீக்கர்கள். ஜேபிஎல் 305, யமஹா எச்எஸ்5 போன்றவை. இசைக்கருவி விற்கும் கடைகளில் இருக்கும், ஆடியோ ஷோரூமில் கண்ணில் படாது. ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, ஊஃபருக்கு ஒன்று, உச்ச ஒலியைத் தரும் ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக. மரப் பாலிஷுக்கும் விளம்பரத்துக்கும் பணம் போகாததால் அதே விலைக்கு ஒலித் தரம் அதிகம். பார்க்க அழகு கிடையாது, ரிமோட் கிடையாது, 305-ல் ட்வீட்டருக்குக் கிட்டே போனால் லேசாக ஸ்ஸ் என்ற சத்தம் கேட்கும், பின்னால் எக்ஸ்எல்ஆர், டிஆர்எஸ் சாக்கெட்தான் இருக்கும் என்பதால் அதற்கேற்ற ஒயர் வாங்கவேண்டும். சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து பாட்டு கேட்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். ஹாலில் குடும்பத்தோடு கேட்பவர்களுக்கு சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஸ்டீரியோ ஆம்பும். அதே பணத்தில் 5.1 வாங்க நினைக்கிறீர்களா? ஐந்து பெட்டிக்கும், பேஸுக்கு மட்டுமான ஒரு சப்ஊஃபருக்கும், எல்லாவற்றையும் ஓட்டும் ரிசீவருக்கும் பணத்தைப் பிரித்தால் ஒவ்வொன்றும் அரைகுறையாகத்தான் வரும். நல்ல இரண்டில் ஆரம்பியுங்கள், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியோடு மொத்தமாக வரும் ஹோம் தியேட்டர் செட்களில் ஒரு பெரிய தொல்லை என்னவென்றால், அவற்றின் ஸ்பீக்கர்கள் 3 ஓம் என்று விநோதமாக இருக்கும், பிளக்கும் அவர்களுடையதாகவே இருக்கும், ஆம்ப் பழுதானால் ஸ்பீக்கரையும் சேர்த்துக் காயலான் கடைக்குத்தான் அனுப்பவேண்டும்.

சரி, அறை. எல்லாவற்றையும்விட இதைப்பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை, ஏனென்றால் இங்கே பாதி வேலை இலவசம்.

நம் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. செங்கல் அல்லது கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல். துடைக்க எளிது, குளிர்ச்சி, ஆனால் ஒலியை உறிஞ்ச ஒன்றுமே இல்லை. சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டியபிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டுதான் வரும். வெளிநாட்டு விமர்சகர்கள் கார்ப்பெட் போட்ட, ஜிப்சம் பலகைச் சுவர் கொண்ட அறையில் கேட்டு எழுதியதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அங்கே துள்ளலாக இருந்த ஸ்பீக்கர் இங்கே காதைக் குத்தும்.

ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே தரையில் கனமான ஜமக்காளம் ஒன்று, இரண்டாக மடித்துப் போட்டால் இன்னும் நல்லது. ஜன்னலுக்குக் கனத்த துணியில், சுருக்கம் நிறைய வைத்துத் தைத்த திரை. ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அது ஒலியைச் சிதறடிக்கும். இவ்வளவிலேயே குரலும் வயலினும் மிருதுவாகிவிடும். ஒரு நண்பரைக் கண்ணாடி ஒன்றைப் பக்கச் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டே போகச் சொல்லுங்கள், உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது, அந்த இடத்தில் எதையாவது தொங்கவிடவேண்டும். முட்டை அட்டை ஒட்டுவது வீண், அது மெல்லிய காகிதம், எதையும் உறிஞ்சாது, கரப்பான்பூச்சிதான் சேரும்.

பேஸ் தனிக்கதை. தாழ்ந்த ஒலியின் அலை மிக நீளம், 47 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 24 அடி. 12 அடி நீள அறையில் அது சுவருக்குச் சுவர் சரியாகப் பாதி அலையாகப் பொருந்திக்கொண்டு நிற்கும். அப்போது சுவர் ஓரத்தில் அந்தச் சுரம் வீங்கிக் கேட்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். நம் வீடுகளில் சோஃபா சுவரை ஒட்டித்தான் கிடக்கும், அதனால்தான் பல வீடுகளில் பேஸ் என்றாலே கும்கும் என்று ஒரே சுரம் அடிக்கிறது. சோஃபாவை முன்னால் இழுக்க முடிந்தால், ஒன்றரை அடியாவது இழுங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காதீர்கள். ஒவ்வொரு சுவரும் பேஸைக் கூட்டும், மூலையில் இரண்டு சுவரும் சேர்ந்து கூட்டும். டிவி யூனிட்டின் தட்டுக்குள் ஸ்பீக்கரைச் செருகி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், மரப் பலகைகள் சேர்ந்து அதிர்ந்து குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ஏதாவது ஒரு ஸ்டாண்டில், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக இருக்கும்படி வையுங்கள். தச்சரிடம் சொன்னால் ஸ்டாண்டு செய்து கொடுத்துவிடுவார். அப்புறம் இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்பும் கறுப்பும் மாறாமல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் மாறியிருந்தால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கும், பேஸ் செத்துப்போகும், நடுவில் நிற்கவேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். இதைக் கவனிக்காமல் ஆம்பை மாற்றியவர்கள் உண்டு.

சப்ஊஃபர் வாங்கினால் அதற்கு இடம் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சப்ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபாவின் மேல் வைத்துவிட்டு, பேஸ் நடமாட்டம் அதிகமுள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து சுவர் ஓரமாகப் போங்கள். எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்ஊஃபரை வையுங்கள். வீட்டில் உள்ளவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை, இது பத்தாயிரம் ரூபாய் கூடப் போட்டு வாங்கும் சப்ஊஃபரைவிட அதிக வித்தியாசம் காட்டும். மேலும் செய்ய விரும்பினால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும், அளப்பதற்கான யுஎஸ்பி மைக்கும் போதும். எந்த சுரம் வீங்குகிறது என்று வரைபடத்தில் தெரியும், அதை மட்டும் ஈக்வலைசரில் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முயலவேண்டாம், ஆம்ப்தான் திணறும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சப்ஊஃபரை வெறும் தரையில் வைக்காமல் தடித்த ரப்பர் பாய் ஒன்றின்மேல் வையுங்கள், இரவில் சத்தத்தையும் குறையுங்கள். கீழ்வீட்டில் இருப்பவர்களுக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும்தான் கேட்கும்.

சவுண்ட்பாரை நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தால், இல்லை. வீட்டில் பெரியவர்கள் டிவியில் வசனம் புரியவில்லை என்று சொன்னால், நடுவில் தனி சென்டர் சேனல் உள்ள சவுண்ட்பார்தான் சரியான செலவு. எச்டிஎம்ஐ ஆர்க் சாக்கெட்டில் மாட்டினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், இன்னொரு ரிமோட் கிடையாது என்பது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. பாட்டுக்கு மட்டும் அதை நம்பவேண்டாம், இடதும் வலதும் மூன்றடிக்குள் அடங்கிக் கிடக்கும். மேலிருந்தும் ஒலி வரச்செய்யும் அட்மாஸ் என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கும்முன், மேல்நோக்கிப் பார்க்கும் ஸ்பீக்கர் அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருப்பதில்லை.

கடைசியாக, பழைய சாமான். நல்ல பாசிவ் ஸ்பீக்கர் (உள்ளே ஆம்ப் இல்லாதது) முப்பது வருடமும் உழைக்கும், விலை மட்டும் பாதிக்குக் கீழே வந்துவிடும். ஏவி ரிசீவர்தான் சீக்கிரம் மதிப்பிழக்கும், ஏனென்றால் எச்டிஎம்ஐ பதிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. டிவியின் படம் அதன் வழியாகப் போகத் தேவையில்லாதவர்களுக்கு நாலைந்து வருடப் பழைய ரிசீவர் அருமையான பேரம், உள்ளே இருக்கும் ஆம்ப் அப்படியேதான் இருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கோவை, மதுரையிலும் டிடிஏ7294, எஸ்டிகே போன்ற ஆம்ப் ஐசி வைத்து ஆம்ப் அசெம்பிள் செய்து தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட்சிங்கும் தாராளமாகப் போட்டு, ஸ்பீக்கரைக் காப்பாற்றும் புரொடெக்‌ஷன் போர்டும் வைத்துக் கொடுக்கும் மெக்கானிக் கிடைத்தால் அது நல்ல ஆம்ப்தான், ரிப்பேரும் அவரே செய்வார். கடல் பக்கத்து ஊர்களில் பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது ஊஃபர் ஓரத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோமாக இருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், மாற்றித் தருபவர்கள் உண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ட்வீட்டரின் குமிழ் அமுங்கியிருக்கிறதா, இரண்டு பெட்டியிலும் ஒரே ட்வீட்டர்தானா என்று கிரில்லைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பிறகு ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக 200 வரை ஏற்றுங்கள். சரசரவென்று உராயும் சத்தம் வந்தால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் போயிருக்கிறது, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம். சுத்தமாக ஏறினால் தைரியமாகப் பணத்தைக் கொடுங்கள்.